இரவு எங்கே தங்குவது? கோவை முதல் மைசூர் வரை ஒரு குடும்பப் பயணத்தின் கணக்கு

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து குன்னூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர் ஏறினால் உதகமண்டலம். அதன் உயரம் 2,240 மீட்டர். மலையின் மறுபக்கம் கூடலூர் வழியே இறங்கினால் முதுமலை, அதைக் கடந்தால் பந்திப்பூர், பிறகு குண்டல்பேட்டை, கடைசியில் மைசூர். ஆலைகளும் கல்லூரிகளும் நிறைந்த கோவை, தேயிலை மலை, யானைக் காடு, அரண்மனை நகரம் ஆகிய நான்கும் ஒரே வழியில் வரிசையாக அமைந்திருக்கின்றன. பள்ளி விடுமுறை தொடங்கியதும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இந்த வழியைத் தேடிப் போவதற்குக் காரணம் அதுதான். தாத்தா பாட்டிக்குக் கோயிலும் அரண்மனையும், பிள்ளைகளுக்கு மலை ரயிலும் யானையும், நடுவயதினருக்குக் குளிரும் ஓய்வும் இந்த ஒரே பயணத்தில் கிடைக்கின்றன.

இந்தப் பயணத்தைத் திட்டமிடும் வீடுகளில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் முதலில் தயாராகிறது. தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, படகு இல்லம், சிம்ஸ் பூங்கா, தெப்பக்காடு, சாமுண்டி மலை என்று பட்டியல் நீண்ட பிறகு, எஞ்சிய நேரத்தில் யாராவது ஒருவர் கைபேசியில் படங்களைப் பார்த்து அறையைப் பதிவு செய்கிறார். வரிசை இங்கேதான் தலைகீழாகிறது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வண்டியில் கழியும், பாட்டி எத்தனை படி ஏற வேண்டும், குழந்தை எந்த நேரத்தில் சாப்பிடும், மழை வந்தால் சாலை திறந்திருக்குமா, அந்த விடுதி யானையின் பாதையை மறித்து நிற்கிறதா என்பவற்றையெல்லாம் முடிவு செய்வது தங்குமிடம். ஆகவே அதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் சாலை, அடுத்து மழை, பிறகு குடும்பத்தினரின் வயது, அதன்பின் காடு. அறையின் அழகும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியும் இவற்றுக்குப் பிறகு வந்தால் போதும்.

சாலை விதிக்கும் நிபந்தனைகள்

நீலகிரியில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் ஏமாற்றம் நிச்சயம். கல்லாறில் தொடங்கிக் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கோவையிலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 86 கிலோமீட்டர்தான்; சாதாரண நாளில் மூன்று மணி நேரம் ஆகும். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் அதற்கு எல்லையே கிடையாது. சீசன் நாட்களில் காவல்துறை பெரும்பாலும் ஒருவழிப் பாதையை நடைமுறைப்படுத்துகிறது. மேலே ஏறுவோர் குன்னூர் வழியாகவும், கீழே இறங்குவோர் கோத்தகிரி வழியாகவும் திருப்பி விடப்படுகிறார்கள். கோத்தகிரியில் அறை எடுத்தவருக்கு இது ஒரு சுற்று. குன்னூரில் எடுத்தவருக்கு வேறொரு சுற்று. பதிவு செய்யும்போதே இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

சொந்த வண்டியில் செல்வோருக்கு இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பும் விதித்தது. கொடைக்கானலுக்கு அது 4,000, 6,000. அந்த மலைகள் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருவோருக்கு இந்தப் பாஸ் தேவையில்லை. இது தங்குமிடத் தேர்வையும் மாற்றுகிறது. பேருந்து நிலையத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ அருகில் அறை எடுத்தால் சொந்த வண்டியே வேண்டாம். எஸ்டேட் நடுவே தனி காட்டேஜ் எடுத்தால் வண்டி இல்லாமல் முடியாது.

ஊட்டியிலிருந்து காட்டின் விளிம்பில் உள்ள மசினகுடிக்கு இரண்டு வழிகள். கல்லட்டி மலைப்பாதை சுமார் 30 கிலோமீட்டர். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான இறக்கம். விபத்துகள் பல நேர்ந்த பின், வெளியூர்ப் பதிவெண் கொண்ட வண்டிகள் அதில் இறங்குவதற்குத் தடை வந்தது. அவை கூடலூர் வழியாகச் சுற்ற வேண்டும். அந்தத் தூரம் இரட்டிப்புக்கும் மேல். ஊட்டியில் தங்கிக்கொண்டு அரை மணியில் காட்டைப் பார்த்துத் திரும்பலாம் என்று வரைபடத்தைப் பார்த்துத் திட்டமிட்ட குடும்பங்கள் ஒரு முழு நாளை வளைவுகளில் கழித்துவிடுகின்றன.

மைசூர்ப் பக்கம் இன்னொரு கதவு இருக்கிறது. பந்திப்பூர் புலிகள் காப்பகம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகள் 2009 முதல் இரவு 9 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை மூடப்படுகின்றன. மைசூர் அரண்மனையின் விளக்கொளியைப் பார்த்துவிட்டு இரவோடிரவாக ஊட்டிக்குத் திரும்ப வழியில்லை. சத்தியமங்கலம் வழியாகப் போகலாம் என்றால், 27 வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. ஆக, மைசூர் என்றால் மைசூரில் இரவு தங்குவது என்றுதான் பொருள். விலங்குகள் சாலையைக் கடக்கும் நேரத்தில் வண்டிகளின் சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்காக வந்த தடை இது. பயணத் திட்டம்தான் அதற்கு இசைந்து போக வேண்டும்.

ரயில் தனிக் கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ஓடத் தொடங்கி, 1908இல் ஊட்டி வரை நீண்ட நீலகிரி மலை ரயில், 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள், மேலேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம். காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின் அது மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பிவிடும். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அதற்குச் சரியாக இணைகிறது. மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கத்திலிருந்து வருவோர் முந்தைய இரவு மேட்டுப்பாளையத்திலேயே ஒரு சாதாரண லாட்ஜில் தங்கிவிடுவது நல்லது. கோவையில் நட்சத்திர விடுதி எடுத்துவிட்டு, விடியற்காலை நான்கரை மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி ஓடுவதில் அந்த அறைக்குக் கொடுத்த பணமும் தூக்கமும் சேர்ந்தே போகும்.

மழை எந்தப் பக்கம் பெய்கிறது

நீலகிரியை ஒரே வானிலை கொண்ட ஒரே ஊராக நினைப்பதுதான் பரவலான தவறு. மலைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழை மேற்கு முகத்தில், அதாவது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பகுதிகளில் கொட்டுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை பதிவாகித் தமிழகத்தையே திகைக்க வைத்தது. அதே காலத்தில் கிழக்கு முகத்தில் இருக்கும் கோத்தகிரிக்கு அந்த மழையின் வேகம் வெகுவாகக் குறைந்தே வந்து சேரும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் நிலைமை மாறிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் நேராகத் தாக்குகிறது. 2009 நவம்பரில் பெய்த மழையில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களில் நிலச்சரிவுகள் ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இந்த மாதங்களில் பாறைகள் விழுந்து மலை ரயில் ரத்தாவது அடிக்கடி நடக்கும் செய்தி. தீபாவளி விடுமுறையை ஒட்டி மலைக்குச் செல்லும் குடும்பங்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது. ஜூலை, ஆகஸ்டில் போனால் கோத்தகிரியும் குன்னூரும் ஏற்றவை. அக்டோபர் பின்பாதி முதல் டிசம்பர் தொடக்கம் வரை சரிவின் விளிம்பில், புதிதாக மண் வெட்டிக் கட்டிய காட்டேஜ்களைத் தவிர்த்து, நகரின் உள்ளே நெடுநாள் நிற்கும் கட்டடங்களில் தங்குவது பாதுகாப்பு. மலை நகரங்களில் கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்று 1993ஆம் ஆண்டின் மலைப்பகுதிக் கட்டட விதிகள் சொல்கின்றன. செங்குத்தான சரிவில் நான்கைந்து மாடியாக எழுந்து நிற்கும் ஒரு விடுதியைப் படத்தில் பார்த்தால், அதன் காட்சி மாடத்தை ரசிப்பதற்கு முன் அதன் அனுமதியைப் பற்றிக் கேட்க வேண்டும். 2024 ஜூலை 30 அன்று அருகிலிருக்கும் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களைப் புதைத்த நிலச்சரிவுக்குப் பிறகு இந்தக் கேள்வியை மிகையான அச்சம் என்று யாரும் தள்ள முடியாது.

ஊட்டியா, குன்னூரா, கோத்தகிரியா

மூன்றும் ஒன்றுக்கொன்று முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்கள். ஆனாலும் இரவைக் கழிக்கும் இடமாகப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு.

ஊட்டியின் பலம் அருகாமை. 1848இல் உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்கா, 1820களில் ஜான் சல்லிவன் வெட்டிய ஏரி, ரோஜாப் பூங்கா, பேருந்து நிலையம், ரயில் நிலையம் எல்லாம் ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்கும். சேரிங் கிராஸ் பக்கம் அறை எடுத்தால் இட்லி, தோசை, சோறு எதற்கும் அலைய வேண்டாம். மருந்துக் கடையும் மருத்துவமனையும் கிட்டே இருக்கும். முதியவரோ கைக்குழந்தையோ உள்ள குடும்பத்துக்கு இந்த வசதி சாதாரணமானதல்ல. குறை என்னவென்றால், ஏப்ரல், மே மாதங்களில் மலர்க் கண்காட்சியை ஒட்டி ஊரே நிரம்பி வழியும். வாடகை பல மடங்கு ஏறும். தண்ணீர் லாரிகளை நம்பும் விடுதிகள் குளியலுக்கு நேரம் குறித்துவிடும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த பகுதிகளில் உறைபனி விழுந்து, வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஊட்டியைவிடக் குளிர் குறைவு, கூட்டமும் குறைவு. 1874இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ், லேம்ப்ஸ் ராக் ஆகியவை அருகில் உள்ளன. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே நாளுக்குப் பல முறை ரயில் ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். மேட்டுப்பாளையம் ரயிலில் சீட்டுக் கிடைக்காத குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். குன்னூரில் தங்கி, ஒரு நாள் ரயிலில் ஊட்டிக்குப் போய், மாலையில் பேருந்திலோ ரயிலிலோ திரும்பிவிடலாம். பெட்போர்டு பக்கம் உள்ள பழைய பங்களாக்கள் பல இன்று விடுதிகளாகிவிட்டன. அவற்றில் பெரிய அறைகளும் தோட்டமும் உண்டு. ஆனால் படிகளும் உண்டு.

கோத்தகிரி அமைதியை விரும்புவோரின் ஊர். கேத்தரின் அருவி, கோடநாடு காட்சி முனை, கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய பழைய பங்களா ஆகியவற்றை ஒரே நாளில் நிதானமாகப் பார்க்கலாம். சுற்றிலும் படுகர் ஊர்கள், தேயிலைச் சிறு தோட்டங்கள். விடுதிகள் குறைவு, இரவு எட்டு மணிக்குப் பின் உணவகங்களும் குறைவு. இரண்டு நாள் புத்தகம் படித்து, நடந்து, பேசிக் கழிக்கும் குடும்பத்துக்கு நிகரற்ற இடம். நாளுக்கு ஆறு இடம் பார்க்கத் துடிக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஏற்றதல்ல.

உயரத்தைப் பற்றிய அச்சமும் பல வீடுகளில் உண்டு. மலை உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் கவலைக்குரியதாகிறது என்பதால் ஊட்டியின் உயரம் பெரும்பாலோருக்குச் சிக்கல் தருவதில்லை. முதியவர்களை வருத்துவது குளிர், ஈரம், படிக்கட்டு இந்த மூன்றும்தான். ஆஸ்துமா உள்ளவருக்கு ஈரச் சுவரும் பூஞ்சை வாடையும் கொண்ட அறை எந்த உயரத்திலும் ஆகாது.

நகரத்தின் பங்கு

மலைக்குப் போகிறவர்கள் கோவையை ஒரு ரயில் மாறும் நிலையமாக மட்டுமே பார்க்கிறார்கள். அது நஷ்டம். பேரூர்க் கோயில், மருதமலை, 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம், அவிநாசி சாலையில் உள்ள கார் அருங்காட்சியகம் என ஒரு முழு நாளுக்கு வேண்டியது அங்கே இருக்கிறது. நீலகிரிக்குப் போகும் முன் அந்த மலையின் மரங்களையும் விலங்குகளையும் அருங்காட்சியகத்தில் பார்த்த பிள்ளைகள், மேலே போனதும் பெயர் சொல்லிக் காட்டுவார்கள்.

கோவையில் எங்கே தங்குவது என்பது எப்படி மலையேறப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஊட்டிப் பேருந்துகள் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள புதிய பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. ஆகவே சாயிபாபா காலனி, ஆர்.எஸ். புரம் பகுதி வசதியானது. ரயிலில் வந்து இறங்கி மறுநாள் வண்டி பிடிப்போருக்கு நிலையத்தைச் சுற்றியும் காந்திபுரத்திலும் எல்லா விலையிலும் லாட்ஜ்கள் உள்ளன. இந்த லாட்ஜ்களில் பல, அறை எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கிடுகின்றன. நண்பகலில் செக்-இன், காலையில் செக்-அவுட் என்று நேரம் கட்டும் விடுதிகளோடு ஒப்பிட்டால், விடியற்காலை வந்து சேரும் குடும்பத்துக்கு இது அரை நாள் லாபம்.

மைசூரில் கணக்கு வேறு. அரண்மனை, தேவராஜ சந்தை, 1892இல் தொடங்கிய உயிரியல் பூங்கா எல்லாம் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதால், பேருந்து நிலையத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் தங்கினால் ஆட்டோவிலேயே ஊரை முடித்துவிடலாம். உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அரண்மனை ஞாயிறு மாலைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் சுமார் ஒரு லட்சம் விளக்குகளால் ஒளிரும். ஞாயிறு இரவு மைசூரில் இருக்கும்படி பயணத்தை அமைத்தால் இரண்டு பலன்: விளக்கொளியையும் பார்க்கலாம், நீலகிரியின் வார இறுதி நெரிசலிலிருந்தும் தப்பலாம். தசராவின்போது மட்டும் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாமல் மைசூர்ப் பக்கம் போவது வீண்.

காட்டின் விளிம்பில் ஓர் அறை

இந்தப் பயணத்தில் மிகக் கவனமாக எடுக்க வேண்டிய முடிவு மசினகுடி சார்ந்தது. அறையிலிருந்தே யானையைப் பார்க்கலாம் என்ற விளம்பரம் பிள்ளைகள் உள்ள எந்தக் குடும்பத்தையும் ஈர்க்கும். அந்த விளம்பரத்துக்குப் பின்னால் நீண்ட வழக்கு ஒன்று இருக்கிறது.

மசினகுடியைச் சுற்றியுள்ள சேகூர் சமவெளி, மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானைப் பாதை. ஒருபுறம் நீலகிரியின் செங்குத்துச் சுவர், மறுபுறம் மோயாறு பள்ளத்தாக்கு. இடையில் உள்ள இடுக்கில்தான் கூட்டங்கள் நடந்தாக வேண்டும். ஆசிய யானைகள் மிகுதியாக வாழும் நிலப்பரப்பின் கழுத்துப் பகுதி அது. அந்த இடுக்கில் வேலிகளும் விடுதிகளும் பெருகின. தமிழ்நாடு அரசு 2010இல் அதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2018இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் பல விடுதிகள் சீல் வைக்கப்பட்டன. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்து, நில உரிமையாளர்களின் முறையீடுகளை விசாரிக்கக் குழு ஒன்றையும் அமைத்தது.

அடுத்த சில மாதங்களில் நடந்தது நாட்டையே உலுக்கியது. மசினகுடி அருகே தனியார் தங்குமிடம் ஒன்றின் பக்கம் வந்த ஆண் யானையின் மீது எரியும் டயர் வீசப்பட்டது. காதில் தீப்பற்றியபடி ஓடிய அந்த யானை 2021 ஜனவரியில் இறந்தது. விசாரணையில் அந்த இடம் அனுமதியின்றி விடுதியாக நடத்தப்பட்டது தெரியவந்தது. அதே மாதம் வயநாட்டின் மேப்பாடியில், எஸ்டேட்டுக்குள் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண், யானை தாக்கி இறந்தார். விலங்குக்கும் மனிதருக்கும் ஒரே மாதத்தில் நேர்ந்த இந்த இரு சாவுகளும், காட்டின் வழியில் படுக்கை போடுவதால் வரும் ஆபத்தை வெளிப்படையாகக் காட்டின.

காட்டில் தங்கும் அனுபவமே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. நேர்மையான வழிகள் இருக்கின்றன. தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் தமிழ்நாடு வனத்துறையின் ஓய்வு இல்லங்களும் டார்மிட்டரிகளும் உள்ளன. முன்பதிவு செய்து தங்கலாம். மாலையில் யானைகளுக்கு உணவு கொடுப்பதைத் தெப்பக்காடு முகாமில் பார்க்கலாம். 2023இல் ஆஸ்கர் விருது பெற்ற ஆவணப்படத்தில் வரும் முகாம் என்பதால் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே அறிமுகமானதாகவே இருக்கும். எல்லைக்கு அப்பால் பந்திப்பூரில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் விடுதி நடத்துகிறது. விலை அதிகம், ஆனால் சவாரியும் உணவும் அதில் அடங்கும். பரம்பிக்குளம், தேக்கடி போன்ற இடங்களிலும் அந்தந்த வனத்துறையே தங்குமிடம் தருகிறது. இவற்றில் அறை எளிமையாக இருக்கும், இரவில் வெளியே வர அனுமதி இருக்காது. கோடையில் காட்டுத்தீ அபாயம் மிகும்போது சவாரி நிறுத்தப்படுவதும் உண்டு. இந்தக் கட்டுப்பாடுகள்தான் அங்கே தங்குவதைப் பாதுகாப்பாக்குகின்றன.

தனியார் விடுதியையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால் கேட்க வேண்டியவை நான்கு. இடம் யானை வழித்தட எல்லைக்குள் வருகிறதா? விடுதியாக நடத்த உரிமம் இருக்கிறதா? இரவுச் சவாரி ஏற்பாடு செய்வார்களா? வெளியில் தீ மூட்டி, ஒலிபெருக்கி வைப்பார்களா? கடைசி இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் அங்கே போகவே வேண்டாம். தனியார் நடத்தும் இரவுச் சவாரி சட்டத்துக்குப் புறம்பானது; பிடிபட்டால் பயணியும் அபராதம் கட்டுவார்.

வகையும் வாடகையும்

பட்ஜெட்டுக்குள் நம்பகமான முதல் தெரிவு தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தமிழ்நாடு ஹோட்டல்கள். ஊட்டியில் அதற்கு நல்ல இடம் உண்டு. மைசூரில் கர்நாடக அரசின் மயூரா ஹொய்சளா அதற்கு இணையானது. பராமரிப்பில் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆனால் வண்டி நிறுத்தும் இடம், விசாலமான அறை, வெளிப்படையான கட்டணம் மூன்றும் உறுதி. ஊட்டியின் ஆனந்தகிரியில் ஒய்டபிள்யூசிஏ நடத்தும் விடுதி போன்ற அறக்கட்டளைத் தங்குமிடங்களும் குடும்பங்களுக்கு ஏற்றவை.

ஹோம் ஸ்டே என்ற பலகை இன்று தெருவுக்கு ஒன்று தொங்குகிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி, உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வாழ வேண்டும். வாடகைக்கு விடும் அறைகள் ஒன்று முதல் ஆறு வரைதான் இருக்கலாம். உரிமையாளர் சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்க, காவலாளி மட்டும் சாவி கொடுக்கும் இடம் ஹோம் ஸ்டே அல்ல. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அங்கே கேட்க ஆள் இருக்காது. ஆறேழு பேர் சேர்ந்து போகும் குடும்பத்துக்குச் சமையலறையோடு கூடிய முழு வீடு மலிவாக அமையும் என்பது உண்மைதான். ஆனால் விடுமுறையிலும் வீட்டுப் பெண்களே அடுப்படியில் நிற்பதாக அது முடிந்துவிடக் கூடாது. சமையலுக்கு ஆள் கிடைக்குமா என்று முன்பே கேட்டு வைப்பது அவர்களுக்கும் விடுமுறை கொடுப்பதாகும்.

வரியையும் கவனிக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு ரூ.7,500 வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கும் 7,600 ரூபாய் அறைக்கும் வித்தியாசம் இருநூறு ரூபாய் போலத் தெரியும். வரியோடு கூட்டினால் ஆயிரத்து இருநூறு ரூபாயை நெருங்கும். ஒரு பெரிய அறைக்குப் பதில் இரண்டு நடுத்தர அறை எடுப்பது பல நேரங்களில் மலிவு. எக்ஸ்ட்ரா பெட், குழந்தைகளின் உணவு, ஹீட்டர், சீசன் ரேட் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். முன்பணம் அனுப்பும் முன் விடுதியின் நிலத்தொலைபேசியில் ஒரு முறை நேரடியாகப் பேசுவது, போலி இணையதளங்களிலிருந்து காக்கும் எளிய வழி.

ஓட்டுநர் எங்கே தூங்குவார் என்ற கேள்வி அநேகமாக எந்தக் குடும்பத்தின் பட்டியலிலும் இருப்பதில்லை. ஊட்டிக் குளிரில் காருக்குள் சுருண்டு கிடந்துவிட்டு மறுநாள் 14 வளைவுகளில் வண்டியை இறக்கும் மனிதரின் கையில்தான் குடும்பமே இருக்கிறது. 2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகள் ஓட்டுநர்களுக்குப் படுக்கை வசதி தர வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த வசதி இருக்கிறதா என்று கேட்பதும், இல்லையென்றால் அவருக்கு ஓர் அறை எடுத்துக் கொடுப்பதும் கடமை.

அறையின் உள்ளேயும் சில சோதனைகள் தேவை. முதியவர் இருந்தால் தரைத்தளம், வெஸ்டர்ன் டாய்லெட், வழுக்காத குளியலறைத் தரை. கைக்குழந்தை இருந்தால் எப்போதும் வெந்நீர். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டித் தூங்கிப் புகையால் உயிரிழந்தவர்கள் மலைவாழிடங்களில் உண்டு. குளிருக்கு மின் ஹீட்டரும் கூடுதல் கம்பளியும் மட்டுமே கேட்க வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில்கள் போக வேண்டும்.

இரவுகளைப் பங்கிடுதல்

ஆறு இரவுகள் கொண்ட ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டால், இந்தக் கணக்கு சொல்லும் பங்கீடு இதுதான்: முதல் இரவு ரயிலிலோ மேட்டுப்பாளையத்திலோ; அடுத்த மூன்று இரவுகள் மலையில் ஒரே ஊரில்; கடைசி இரண்டும் மைசூரில். முதுமலையை இடையில் பகல் பயணமாக வைக்கலாம். வனத்துறை அறை கிடைத்தால் மட்டும் மலையின் மூன்றில் ஓர் இரவை அங்கே மாற்றலாம். தினம் ஓர் ஊரில் மூட்டை கட்டி அவிழ்ப்பது முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில் சோர்வடையச் செய்யும். மூன்று இரவு ஒரே படுக்கையில் தூங்கினால், மழை பெய்து ஒரு நாள் வீணானாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

மலையில் எந்த ஊர் என்பதற்கும் விடை இருக்கிறது. நடக்கச் சிரமப்படும் முதியவரோ இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையோ இருந்தால் ஊட்டியின் நடுப்பகுதி, அதுவும் சீசன் அல்லாத மாதங்களில். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் குன்னூர் எல்லா வகையிலும் சிறந்தது: இதமான குளிர், ரயில், ஊட்டிக்கு அருகாமை. பெரிய பிள்ளைகளோடு நிதானமாக இருக்க விரும்புவோருக்குக் கோத்தகிரி. மே மாத வார இறுதியைத் தவிர வேறு நாளே கிடையாது என்றால், இ-பாஸ் வரம்பையும் நெரிசலையும் எண்ணிப் பார்த்து, பயணத்தை மைசூரிலிருந்து தொடங்கி மலையை வார நாட்களுக்குத் தள்ளிவிடுவது நல்லது.

நீலகிரியும் முதுமலையும் 1986இல் அறிவிக்கப்பட்ட, நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதிகள். அங்கே எந்த விடுதி நிலைக்கும், எது மூடும் என்பதை நீதிமன்றங்களோடு சேர்ந்து பயணிகளின் பணமும் தீர்மானிக்கிறது. ஆகவே அடுத்த விடுமுறைக்கு அறை தேடும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: உரிமத்தைக் காட்டத் தயங்கும் விடுதிக்கு, அதன் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு ரூபாய்கூட முன்பணம் அனுப்பாதீர்கள்.